திரைக்கு முன்பக்கம் வந்து பார்த்தேன், மதினி

என் உயிரான மதினிக்கு,

நீங்க கண்ணை மூடின பிறகு வண்டிப்பெரியாரில் ஒரு மழைக்காலம் முழுசாகப் பெய்து ஓய்ந்துவிட்டது. அண்ணன் சுகம். உங்க மகள் செல்வி உங்களை மாதிரியே சாப்பிடும்போது புத்தகம் படிக்கிறாள், உங்களை மாதிரியே திட்டும் வாங்குகிறாள். ஆனால் அதைச் சொல்ல இப்போது எழுதவில்லை. நம்ம தச்சனைப் பார்த்துவிட்டேன், மதினி! படத்தில்!

ஞாபகம் இருக்கா? பழைய பேப்பர் கடையில் அட்டை இல்லாமல் கிடந்த அந்தக் கொலைக்கதை. அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்கார முதலாளியை யாரோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிட, அங்கே வேலை பார்த்த கறுப்புத் தச்சனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். அடித்தவன் வலதுகைக்காரன் என்று டாக்டரே சொல்வார். தச்சனோ பிறவியிலேயே இடதுகைக்காரன். அது அந்த ஊருக்கே தெரியும். தெரிந்தும் தூக்கில் போட்டார்கள்.

அன்றைக்கு நீங்க அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டு அழுதீங்க. "கதைக்குப் போயி எவளாச்சும் சோறு பொங்காம இருப்பாளா?" என்று அண்ணன் கத்தினாவ. "படமா எடுத்தாலாவது அந்த மனுசன் குத்தம் செய்யாதவன்னு நாலு பேருக்குத் தெரியும்லா" என்றீங்க.

எடுத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை நம்ம பெரட்டுக்களத்திலேயே போட்டார்கள், தினமும் காலையில் நம்மை ஆள் எண்ணுகிற அதே இடத்தில். வழக்கம்போல நடுவில் வெள்ளைத்துணி. முன்பக்கம் நாற்காலியில் தோட்டத்துத் துரையும் கிளார்க்குமார் குடும்பங்களும். துணிக்குப் பின்பக்கம், தரையில், கொழுந்து கிள்ளுகிற நம்ம லயத்து வீட்டுச் சனம். இந்தத் துரை நம்மைவிடக் கறுப்பு. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டுப் போன நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.

கிளார்க் ஒருத்தர் மைக்கில் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தச்சன் வந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. 'உயரமானவன்' என்று புத்தகத்தில் ஒரே சொல்தான். இங்கே என்னடான்னா, அந்தத் தோள், முதலாளி வீட்டு வாசலில் குனிந்து நுழைகிற விதம்... நம்ம அண்ணன் ஆபீசுக்குள் நுழைவாவல்லா, அச்சு அசல் அப்படி. நாம மனசில் நினைத்திருந்த முகம் இல்லை. ஆனாலும் இவன்தான், வேறு யாருமில்லை.

கோர்ட்டு வந்தது. புத்தகத்தில் வக்கீல் பக்கம் பக்கமாகப் பேசுவாரே, "இந்த ஆளு மூச்சு விடுவாரா மாட்டாரா" என்று நீங்ககூட கேலி பண்ணுவீங்களே, அந்தப் பேச்சே படத்தில் இல்லை. "அடிச்சது வலதுகைக்காரன்னு டாக்டர் சொல்றார்" என்றது மைக். தச்சனுக்குத் தாகம். யாரோ தண்ணீர் டம்ளரை நீட்டுகிறார்கள். கோர்ட்டே அந்தக் கையைப் பார்க்கிறது. வாங்கினான். வலது கையால்!

"ஏட்டி, இவந்தான் கொன்னுருக்கான்!" என்று கூவினாள் பக்கத்து வீட்டு எசக்கியம்மா. "படுபாவி!" என்று சனம் முழுக்க ஒரே இரைச்சல். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! கறுப்பன் என்றால் கொலைகாரனாகத்தான் இருக்கணுமா? நீங்க அழுத அழுகைக்கு என்ன மரியாதை?

போதும்டா சாமி என்று எழுந்து வீட்டுக்கு நடந்தேன். பாதை முன்பக்கமாகத்தானே போகும். துணி ஓரத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், இன்னும் அவன் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான். இடது கையால்!

அப்படியே மலைத்துப்போய் நின்றுவிட்டேன், மதினி. பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறித்தானே தெரியும்? பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்து பார்த்ததில் அதுகூட நமக்கு மறந்துபோச்சே! ஒரு வார்த்தை பேசாமல், ஒரு டம்ளர் தண்ணீரில், அத்தனை பக்கத்தையும் சொல்லிவிட்டான் படமெடுத்தவன். புத்தகத்தில் அந்த ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டே படித்தோம். இங்கே ஒரு நொடியில் நாங்களே அவனைத் தூக்கில் போட்டுவிட்டோமே.

"ஏ பொம்பள, ஒங்க எடம் அங்கிட்டு" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"அங்கிட்டிருந்து பாத்தா நல்லவன் கொலகாரனால்லா தெரியுதான், சார்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்: "எசக்கி, இடது கைதான்! எல்லாரும் வந்து பாருங்க!"

முதலில் அவள் வந்தாள். பிறகு அண்ணன். பிறகு லயமே எழுந்து வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றது. மைக் நின்றுபோனது. துரை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

தூக்குக்கயிற்றைப் படத்தில் காட்டவே இல்லை. தீர்ப்பு வருமுன் தச்சன் நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தான். அத்தோடு படம் முடிந்தது. அவனை விட்டார்களா, மதினி? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எசக்கியம்மா மட்டும், "ஏ ராசா, தெரியாமச் சொல்லிட்டேன்யா" என்று துணியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

திங்கட்கிழமை எனக்கும் அவளுக்கும் உச்சிமலையில், அட்டை மொய்க்கிற காட்டில் கொழுந்து கிள்ளப் போட்டார் சூப்பர்வைசர். கடிக்கட்டும். அடுத்த படத்துக்கு நாற்காலி தராவிட்டாலும் முன்பக்கம் பாய் விரித்து உட்காருவேன். செல்வியை என் மடியில் வைத்துக்கொள்வேன். உங்க மகள் இனிமேல் துணிக்குப் பின்னாலிருந்து படம் பார்க்க மாட்டாள், மதினி. இது உங்க மேல் சத்தியம்.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கிற
உங்க நாத்தனார்,
பேச்சி