ஏழ்கண் மதகுக்குக் காவலர் தேர்ந்த செய்தி

மழை தொடங்கப் பதினேழு நாள் இருக்கையில் எழுதிய ஓலை.

அலை தடுத்தருளிய மாநங்கையார், நெடுங்காயலும் அதன் நாற்பது துறையும் ஒரு குடைக்கீழ் ஆளும் அரசியார் திருமுன்பு, நீர் அமைச்சன் மருதங்கோடன் பணிந்து விடுக்கும் விண்ணப்பம். அரசியார் நாட்டில் மழை வரும் வழியில் வந்து போகும் வழியில் போகுக. கடல் தன் எல்லையில் நிற்க. களஞ்சியத்து நெல் ஈரம் காணாதிருக்க. இங்கு யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது வழக்கம். இம்முறை அது எழுதப்படவில்லை. பொறுத்தருள்க.

முகத்துவாரத்து ஏழ்கண் மதகுக்குப் புதிய காவலர் தேர்ந்தாயிற்று. பெயர் இளஞ்சாத்தி. ஊர் உவர்ப்பேடு. அகவை முப்பத்து நான்கு. பதினொரு ஆண்டு உப்பளத்தில் மடை திறந்து அடைத்தவள். அந்த மடைக்கு ஒரே கண். மரக்கதவு. கையால் தூக்குவது. சென்ற மழையில் நம் மதகின் ஐந்தாம் கதவு எழாமல் நின்றபோது வெள்ளம் திரும்பி அவள் வேலை செய்த அளத்தின் மேல் போயிற்று. முன்னிருந்த காவலன் அன்றே குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடினான். அளமும் அங்கிருந்த குடிசையும் இல்லாமல் போகவே அவளும் கணவனும் இரண்டு பெண்மக்களும் எட்டுத் திங்களாகப் படகுக் கொட்டகையில் இருக்கிறார்கள். காவலருக்கு வீடும் ஆண்டுக்கு நெல்லும் உண்டு என்று பறையறையக் கேட்டு வந்தாள். இவ்வோலையில் அவள் நெஞ்சில் இருந்ததாக வருவன எல்லாம் பின்னர் அவளே சொன்னவை.

காவலராக வருபவர்க்கு, மதகின் ஏழு கதவையும் இயக்கும் இப்பொறியில் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்று அறிவிப்பில் எழுதியிருந்தது. அவளுக்கு ஒருநாள் பழக்கமும் இல்லை. பாதி வழியில் இரண்டு முறை திரும்பினாள். இரண்டாம் முறை திரும்பியபோது, கொட்டகைக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் மீண்டும் இப்பக்கம் நடந்தாள்.

தேர்வு மண்டபத்து வாயிலில் இருவர் முன்பே காத்திருந்தனர். ஒருவன் தலைநகரில் பொறிக்கல்வி முடித்த விறலன். மற்றவன் மூன்று துறைகளில் பாரந்தூக்கி கட்டிய நெடும்பாலன். வாயிற்காவலன் மூவர் பெயரையும் எழுதிக்கொண்டான். அறிவிப்பில் கண்ட பழக்கம் தனக்கு இல்லை என்று அவள் அவனிடம் சொன்னாள்.

"பன்னிரண்டு ஆண்டா? பொறி வந்தே எட்டு ஆண்டுதான். யார் எழுதினார்களோ! கவலைப்படாதே தாயே, ஓடிப்போனவனுக்கும் அது இல்லை" என்றான்.

விறலன் அவளிடம் எந்தப் பொறியில் வேலை என்று கேட்டான். அவள் உப்பு மடை என்றாள்.

"உப்பு மடையா? அதை நாங்கள் சிறுவயதில் களிமண்ணில் செய்து விளையாடுவோம் அக்கா."

"நானும் அதைத்தான் செய்தேன் தம்பி. எனக்குக் கூலி கொடுத்தார்கள்."

நெடும்பாலன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சொன்னது துடுக்காகப் போயிற்றோ, இதுவும் தேர்வில் சேருமோ என்று அஞ்சினாள்.

தேர்வு முறையை அரசியார் அறிவார். ஆயினும் எழுதப்படுகிறது. பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் விடையை ஈர மணல் பரப்பிய தட்டில் விரலால் வரைந்து காட்ட வேண்டும். அவையோர் மூவர் குனிந்து பார்ப்பர். பிறகு ஏவலாள் மணலைத் தடவிச் சமன்செய்வான். ஒருவர் விடையளிக்கையில் மற்றவர் சுவர் ஓரமாக நிற்பர். விறலன் பன்னிரண்டுக்கும் வரைந்தான். நெடும்பாலனும் பன்னிரண்டுக்கும் வரைந்தான். அவர்கள் விரல் நின்ற இடமே இல்லை. அவர்கள் சொன்ன சொற்களில் பாதி அவள் கேட்டறியாதவை. இவ்வளவு தெரிந்தவர்கள் நடுவில் எந்தத் துணிவில் வந்து நிற்கிறோம் என்று நாணினாள். கால் வாயிலைப் பார்த்தது. அப்போது அவள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

ஐந்துக்கு விடை சொன்னாள். சேறு படியும் இடம், சங்கிலி துருவேறும் விதம், கதவு நீரின் கனத்தில் ஒருபுறம் சாய்வது, இப்படி எல்லா மதகுக்கும் பொதுவானவை அவை. மற்ற ஏழுக்கும் மணலைத் தொடவில்லை.

அவைத்தலைவர் எயினனார் கேட்டது நான்காம் கேள்வி. ஏழு கண்ணும் திறந்திருக்கையில் கடல் ஏறினால் எந்தக் கதவை முதலில் இறக்குவது?

"தெரியாது ஐயா. எங்கள் மடைக்கு ஒரு கண்தான்."

"ஊகித்துச் சொல்லலாமே அம்மா. மற்றவர்கள் சொன்னார்களே."

"ஊகித்து இறக்கினால் எங்களுக்கு உப்புதான் போகும். இங்கே என்னவெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை."

எயினனார் அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் தெரியாது என்றாள். ஏழாம் முறை தலையை மட்டும் அசைத்தாள். தடவுவதற்கு ஒன்றுமில்லாமல் ஏவலாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டும் முடிந்தபின் அவை, தேர்வுக்கு வந்த மூவரையும் ஒருங்கே நிறுத்தி, மழைக்காலம் முழுதும் காவலர் குடும்பத்தோடு மதகின் கீழ்ப்புறத்து வீட்டில் குடியிருக்க வேண்டும், அது பொறி வருமுன்பே அரசியாரின் முப்பாட்டனார் இட்ட ஆணை, காவலர் கண்ணயராதிருக்க வைத்த வழக்கம் என்று அறிவித்தது. அவ்வீட்டுக்கும் ஏழாம் கதவுக்கும் இடையே நாற்பது அடி. விறலன் தன் தாய்க்கு ஈரக்காற்று ஆகாது என்றான். நெடும்பாலன், தான் மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்டான். போதாது என்றனர். இருவரும் வணங்கி விடைபெற்றனர்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "அந்த வீட்டில் அடுப்பு உண்டா?"

உண்டு என்றார்கள்.

தேறவில்லை என்றே எண்ணி ஊருக்கு நடந்தாள். நான்காம் நாள் நியமன ஓலையும் மதகுத் திறவுகோலும் கொட்டகைக்குப் போயின. கணவன் மகிழ்ந்தான். பிள்ளைகள் அன்றே மூட்டை கட்டினார்கள். அவள் மட்டும் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, இவ்வோலை எழுதும் நீர் அமைச்சன் மனைக்கு வந்தாள்.

"ஆள் மாறி வந்துவிட்டது ஐயா. நான் ஏழில் தோற்றவள். பன்னிரண்டும் சொன்ன அந்தத் தம்பிக்குப் போக வேண்டியது இது."

அமைச்சன் அப்போது அவளிடம், தெரியாததைத் தெரியாது என்ற உன் நேர்மையை அவை மெச்சியது என்றான். அது பொய். அந்த வீட்டில் குடியேற ஒப்பியவள் அவள் ஒருத்தியே. வேறு காரணம் இல்லை. பொய்யை அவள் முழுதும் நம்பவில்லை. நம்ப விரும்பினாள். திறவுகோலை மடியில் முடிந்துகொண்டு ஊருக்கு நடந்தாள்.

அவள் அறியாதது இன்னொன்று உண்டு. அரசியாரும் அறியமாட்டார். எட்டு ஆண்டுக்கு முன் பொறியை நிறுவிய, கடல்கடந்து வந்த தச்சன் திரும்பிக் கலமேறும்போது, காவலுக்கு வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள் என்று பன்னிரண்டு கேள்வி எழுதித் தந்தான். விடை எழுதித் தரவில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும் என்று சொல்லிப் போனான். கேட்க நாணி, நம் அவையும் கேட்கவில்லை. அன்றுமுதல் வருபவர் வரைவதை அவை பார்க்கிறது. விரல் தயங்கவில்லை என்றால் தலையசைக்கிறது. நான்காம் கேள்விக்கு விறலன் முதற்கதவு என்றான். நெடும்பாலன் கடைக்கதவு என்றான். அவை இருவருக்கும் தலையசைத்தது. நீர் அமைச்சன் அவையோர் மூவருள் ஒருவனாக அமர்ந்திருந்தான். அவனும் தலையசைத்தான்.

ஆதலின் விண்ணப்பம் இரண்டு. தச்சன் நாட்டுக்கு ஒரு கலம் விட்டருள்க. காற்று எதிர்த்திருப்பதால் அது மழைக்குமுன் மீளாது என்பதை அறிந்தே கேட்கப்படுகிறது. அடுத்து, கீழ்ப்புறத்து வீட்டில் குடும்பத்தை வைக்கும் ஆணையை அரசியார் கையாலேயே நீக்கியருள்க. அதை நீக்க அமைச்சனுக்கு உரிமையில்லை. உரிமையுள்ள வரையில் அவன் இட்ட ஆணை: உவர்ப்பேடு முதலான பதினொரு ஊராரும் இன்றுமுதல் மழை ஓயும்வரை படகை வாசலிலேயே கட்டிவைக்க. இதை மீறுவோர் தம் பிள்ளைகளுக்குப் பிழை செய்தவராவர்.

இவ்வோலை தூதன் கையில் மூன்று நாளில் அரசியாரைச் சேர்க. படித்தவர் கையில் ஈரம் படாதிருக்க. நெடுங்காயல் நீர் முத்திரை, மருதங்கோடன் கையொப்பம்.

முத்திரை இட்டபின் சேர்த்தது. இளஞ்சாத்தி இன்று காலை குடியேறினாள். அடுப்பு மூட்டிவிட்டு நேரே இங்கு வந்தாள். ஓலையும் திறவுகோலும் இம்முறை கொண்டுவரவில்லை. மழைக்குள் கற்றுக்கொண்டுவிடலாம் என்று துணிந்திருக்கிறாள். இதை எழுதும்போது எதிரில்தான் நிற்கிறாள்.

"அந்த ஏழுக்கும் விடையை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."