ஒன்பது கப், இரண்டு கை

அடுப்பின் மேல் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், அசந்து தூங்கிவிடாதீர்கள். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

ஜன்னலோரம் பார்த்தீர்களா? நாம் முதல்முறையாக விதை போட்டு முளைக்கவைத்த தக்காளி நாற்று, பத்து கப்பில் ஒன்பது அழுகிச் சாய்ந்துவிட்டது. உங்கள் அக்காவை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அதற்காகப் பன்னிரண்டு நாளா முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது? அந்தக் கோபத்தில் செடியையும் மறந்திருப்பீர்கள் என்று நினைத்து, தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் நான் தண்ணீர் ஊற்றினேன். நேற்று எதிர்வீட்டு அம்மா சொல்கிறார்: "உங்க வீட்டுக்காரர் நைட் டூட்டி முடிஞ்சு வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டாம செடிக்குத் தண்ணி ஊத்துறாரும்மா!"

ஆக, இரண்டு பேருமே தினமும் ஊற்றியிருக்கிறோம். நம்மில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் ஒன்பதும் பிழைத்திருக்கும். அடியில் விரிசல் என்று நீங்கள் தூக்கிப்போடச் சொன்ன கப்பில் இருப்பது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

பி.கு.: அதற்கு இன்று நான் ஊற்றவில்லை. நீங்கள் டூட்டிக்குக் கிளம்புவதற்குள் வந்துவிடுவேன். ஊற்றினீர்களா இல்லையா என்று உங்கள் வாயால் சொல்லும்வரை ஒரு சொட்டு ஊற்றமாட்டேன். சீட்டில் எழுதி வைத்தால் படிக்கமாட்டேன்.