பூசையில் வாசித்த மனு

அன்பு மகள் டெல்மிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், மழை பிந்தியதால் சோளத்துக்குத்தான் சுகமில்லை. அங்கே ஹூஸ்டனில், அந்த அடைக்கல வீட்டில், நீ ஒரு வேளையாவது பயமில்லாமல் சாப்பிடுகிறாயா என்பதே என் நினைப்பு.

குடியேற்ற மனுவை வாபஸ் வாங்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் உன் சித்தி மெல்பா செய்த வேலை. நல்லது செய்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உனக்காக வேண்டச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். சாமியாரும், புருஷன் அடியிலிருந்து தப்பிய டெல்மியின் குடியேற்ற மனு நல்லபடியாக முடிய மன்றாடுவோம் என்று மைக்கில் அப்படியே வாசித்துவிட்டார். இரண்டாம் வரிசையில் யார்? உன் மாமியார் ஒடீலியா. சாயங்காலமே ரொட்டியும் கண்ணீருமாக வந்துவிட்டாள் சம்பந்தியம்மா. ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான், அதுக்காகக் கோர்ட்டு கச்சேரின்னு போவாளா, நீங்கதான் புத்தி சொல்லணும் என்று ஒரே ஒப்பாரி. உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்களே, அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்தக் கண்ணீர்? ரொட்டியைக் கோழிக்குப் போட்டேன்.

அவள் சொல்லித்தான் உன் புருஷன் வில்மருக்குத் தெரிந்தது. மறுநாளே எனக்குப் போன் போட்டான். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட திமிர் இன்னும் குறையவில்லை. விசாவுக்காகச் செஞ்ச பொய்க் கல்யாணம்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உங்க பொண்ணை உங்க வாசல்லயே கொண்டாந்து தள்ளிடுவாங்க என்றான். உன்னிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறான், நீயும் நடுங்கிவிட்டாய். அடி, வக்கீலம்மா சொன்னதை எனக்குச் சொன்னதே நீதானே? அடிபட்ட மனைவி புருஷன் கையெழுத்து இல்லாமல் தானே மனுப் போடலாம், அதிகாரிகள் அதைப் பற்றி அவனிடம் மூச்சு விடக்கூடாது, அவன் பேச்சை மட்டும் நம்பி உன்னைத் தள்ளவும் கூடாது என்று. விஷயம் கசிந்தது எங்கள் கோயிலில். அதற்காக உன் மனு செத்துப்போகாது. இன்றே போய் வக்கீலம்மாவிடம் அவன் மிரட்டுவதைச் சொல், அதையும் சேர்த்து எழுதட்டும்.

எட்டு வருஷமாக நீ இந்த வாசலில் வந்து நிற்க மாட்டாயா என்று ஏங்கிக் கிடப்பவள் நான். அவன் அப்படிச் சொன்ன அன்று, ஆண்டவரே, என் மகள் வந்துவிடக் கூடாது என்று முழங்காலில் விழுந்து கேட்டேன். பெற்றவளை இப்படி வேண்ட வைத்துவிட்டான் பாவி.

தேவமாதா உன்னை மூடிக் காக்கட்டும். அவன் எண் வந்தால் எடுக்காதே.

வராதே என்று எழுதும்
உன் அம்மா
ரூஃபினா