கார்டு இன்ஷூரன்ஸுக்கு யெஸ் சொன்னது யார்

மார்ச் 3, திங்கள்

காலையில் பனியும் மழையும் கலந்து சேறாகப் பெய்தது. வேன் வைப்பர் ஒரு பக்கம் இழுக்கிறது, மாற்ற வேண்டும். ஏர்போர்ட் சவாரி இரண்டு. வாங்க: பால், கொத்தமல்லி, அபிக்கு சீரியல்.

போன டிசம்பரில் கை முறிந்து வீட்டில் கிடந்தபோதுதான் கிரெடிட் கார்டு பில்லை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். மாதாமாதம் 'பேமென்ட் ப்ரொடெக்ஷன்' என்று ஒரு பிடித்தம், வருஷக்கணக்காக. வேலை போனாலோ உடம்பு முடியாமல் போனாலோ கார்டு பாக்கியை அவர்களே கட்டும் இன்ஷூரன்ஸாம். ஆகா, கை உடைந்ததற்கு ஒரு பலன் என்று கேட்டால், கம்பெனி வேலைக்காரர்களுக்குத்தான் தருவோம், சொந்த வண்டி ஓட்டுகிறவருக்குக் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். பதிலுக்கு விரிக்கக்கூட என்னால் முடியவில்லை, மாவுக்கட்டு.

இன்று போன் போட்டேன். நான் கேட்காததை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள், பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். போனில் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள், ரெகார்டிங் அனுப்புகிறோம் என்றாள் அந்தப் பெண். வைத்த பிறகு எனக்கு வீரம் வந்தது. "எந்த மடச்சாம்பிராணி யெஸ் சொன்னானோ, அவன் வாயத் தைக்கணும்!"

மேசையில் என் மகள் அபி. அவள் ஸ்பூன் பாதியில் நின்றது. கிண்ணத்துப் பாலில் சீரியல் ஊறிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

மார்ச் 5, புதன்

காலேஜில் இறக்கிவிடும்போது அபி, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி: "அப்பா, ஐ திங்க் அந்த யெஸ் நான்தான்."

இருக்கும். அமெரிக்கா வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் வராது; கரன்ட், கேஸ், டாக்டர், பாங்க், எல்லாப் போனும் அவள்தான். நேரில் கையைக் காட்டிச் சமாளிப்பேன். போனில் கை தெரியாதே. ஐந்தாம் கிளாஸ் பிள்ளை தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு "திஸ் இஸ் மிஸ்டர் செல்வம்" என்பாள். என் பிறந்த தேதியை ரைம்ஸ் மாதிரி ஒப்பிப்பாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் பாதி அப்பாக்களுக்குப் போனில் கீச்சுக் குரல்தான்.

பாங்குக்குச் சொன்னோம். அப்பாவுக்குத் தெரியாமல் நானே பேசினேன் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முழுப் பணமும் திரும்பி வருமாம். வெட்கமில்லாமல் மனசுக்குள் வேனுக்கு நான்கு டயர் வாங்கிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் கௌரி அவளை விடவில்லை. "அப்பாவக் கேக்காம எதுக்குடி யெஸ் சொன்ன? பெரிய மனுஷி!"

"ஐ டோன்ட் ரிமெம்பர்மா. சாரி."

"சாரியாம். ஏங்க, உங்க பொண்ண நீங்களே கேளுங்க."

நான் ரசம் கேட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

வெயில், கடுங்காற்று. ரெகார்டிங் ஈமெயிலில் வந்தது. ஏர்போர்ட்டில் காத்திருக்கையில் வேனுக்குள் போட்டுக் கேட்டேன்.

அந்தப் பக்கத்துப் பெண் மூச்சு விடாமல் பேசுகிறாள். நடுவில் அபி, நெல்லிக்காய் அளவு குரல். சிரிப்பு வந்தது. திடீரென்று தமிழில்:

"அப்பா, ஏதோ ப்ரொடெக்ஷனாம். மாசாமாசம் காசு எடுப்பாங்களாம். வேணுமா?"

பின்னால் டிவி, கிரிக்கெட் சத்தம். ஓர் ஆள்: "யெஸ் சொல்லி வை பாப்பா."

"கம்பெனில வேலையான்னு கேக்கறாங்கப்பா."

"எல்லாத்துக்கும் யெஸ் சொல்லு. கடைசி ஓவரு, தொணதொணக்காத."

அந்த ஆள் நான்.

பாங்கில் யாருக்குத் தமிழ் தெரியும்? அவர்களுக்கு அது டிவி இரைச்சல். திரும்பப் போட்டேன். மாறவில்லை. அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட ஞாபகமில்லை. சவாரிக்காரர் கண்ணாடியைத் தட்டினார். அவர் பெட்டியை ஏற்றாமலே கிளம்பப் பார்த்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

வைப்பர் மாற்றியாயிற்று. அபி கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தாள். அப்பாவைக் கேட்காமல் நானே சம்மதித்தேன், அவருக்கு எதுவும் தெரியாது, என் தவறு. என்னைச் சரிபார்க்கச் சொல்கிறாள்.

"ஓகேவாப்பா?"

"நல்லா எழுதியிருக்கம்மா."

நான் சொன்னது அவ்வளவுதான். டயருக்கு ஆசைப்பட்டவன்.

மார்ச் 9, ஞாயிறு

கோடைக்கால நேரம் என்று ஊரோடு சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததில் தூக்கம் போச்சு. கடிகாரம் இல்லாமலும் போயிருக்கும்.

அபியை ஜெர்சி சிட்டிக்கு, தோழி வீட்டில் விடப் போனேன். கையெழுத்துப் போட்ட கடிதம் அவள் பையில். அங்கே ஸ்கேன் பண்ணி அனுப்புவாளாம். தெருமுனையில் ஓரங்கட்டினேன். "இதக் கேளு" என்று போட்டேன். என் குரல் வந்தபோது ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். போனைப் பிடுங்கி, ரெகார்டிங்கைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். "வேணுமா?" வரைக்கும் மட்டும். இன்னொரு முறை.

"நான் கேட்டிருக்கேன்ப்பா."

"கேட்டிருக்க."

"ஐ ஆஸ்க்ட் யூ. அம்மா திட்டறப்ப நீ அங்கதானே இருந்த?"

"அப்ப எனக்குத் தெரியாதும்மா. வெள்ளிக்கிழமைலேர்ந்து தெரியும்."

அது இன்னும் மோசம். அவள் கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பாங்குக்கு நீயே கால் பண்ணு. நான் பேச மாட்டேன்."

"சரி."

"அம்மாகிட்ட?"

"சொல்றேன்."

"டுடே?"

"டுடே."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

பாங்குக்கு நாளை. அது சுலபம், அவர்கள் என்னோடு குடித்தனம் பண்ணவில்லை. கௌரி சப்பாத்தி தேய்க்கிறாள். முதலில் கையிலிருக்கும் கட்டையைக் கீழே வைக்கட்டும்.

வைத்துவிட்டாள். போகிறேன்.