அசுவினிக்கு ஒரு வரிசை

மார்ச் 4, திங்கள்
நர்சரியில் ரோஜா மொட்டுகளின் கழுத்தைச் சுற்றிப் பச்சைப் பச்சையாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கிடக்கிறது. நேர்முகத்தில் நான் வாய் திறந்து சொன்னதே ஒரு வாக்கியம்தான்: "மருந்தடிக்காமலே சமாளிக்கலாம் சார்." அதற்காகத்தான் முதலாளி வேலை கொடுத்தார். இன்று, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். குறையலன்னா மருந்துதான். அப்புறம் நீ எதுக்குன்னு யோசிக்கணும்" என்றார். எங்கள் வீட்டின் முதல் பட்டம், முதல் மாதச் சம்பளம்...

மார்ச் 5
இலைக்கு அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினோம். மிச்சத்துக்குச் சோப்புத் தண்ணீர். தப்பிய ஒன்றை லென்ஸில் பார்த்தேன். குட்டி போட்டுக்கொண்டிருந்தது! பின்பக்கமாக, கால்களை உதைத்தபடி, ஒரு முழுப் பிள்ளை. ஆண் துணையே வேண்டாம். பிறக்கும் பிள்ளையின் வயிற்றிலேயே அடுத்த பிள்ளை. படித்ததுதான். படித்தபோது ஏன் சிலிர்க்கவில்லை?

அம்மாவிடம் சொன்னேன். "பூச்சிக்குப் பிரசவம் பாக்கவாடி படிக்க வெச்சோம்?"

மார்ச் 6
மறுபடி அப்பிவிட்டது.

மார்ச் 7
கறுப்பும் ஆரஞ்சுமாக, முள் முள்ளாகப் புதுப் புழுக்கள். "டிகிரி, மாமியார் போதாதுன்னு நாத்தனாரும் வந்துட்டா" என்று, என்னை 'டிகிரி' என்றே கூப்பிடும் தண்ணீர் ஊற்றும் அக்கா நசுக்க ஆரம்பித்தார். நானும்தான். என் விரலில் செத்த ஒன்றின் வாயில் அசுவினி.

பொறிவண்டின் பிள்ளைகள். தேர்வில் சிவப்பு வண்டுக்குப் புள்ளி வைத்து மதிப்பெண் வாங்கியவள் நான் — பிள்ளை இப்படி இருக்கும்னு தெரியல. ஐயோ, எத்தனை நசுக்கினேன்?

"விடுங்கக்கா" என்று கத்திவிட்டேன்.

"உனக்குக் குரல் இருக்கா?" என்றார்.

மிஞ்சிய ஒன்றை மாலைவரை பார்த்தேன். உறிஞ்சும், காலிப் பைபோலத் தோலைப் போடும், அடுத்தது.

மார்ச் 8, வெள்ளி
முதலாளியே மருந்தோடு வந்தார். லென்ஸை நீட்டினேன். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"என்னம்மா இது, முதலை மாதிரி?"

"பொறிவண்டுக் குட்டி சார். மருந்தடிச்சா இதுவும் செத்துடும்."

"எவ்ளோ தின்னும்?"

"காலையிலேர்ந்து பாக்கறேன் சார். நிறுத்தவே இல்ல."

மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 21
மொட்டுகள் விரிந்துவிட்டன. காம்புகளில் வெறும் வெள்ளைத் தோல்கள். இலையில் ஒட்டி உறங்கிய புழுக்களில் ஒன்று இன்று முதுகு பிளந்து வண்டாக வெளியே வந்தது. வெறும் மஞ்சள், ஒரு புள்ளிகூட இல்லை. முதலாளி, அக்கா, நான், மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். வெகுநேரம் கழித்து, உள்ளிருந்து ஊறுவதுபோலப் புள்ளிகள் வந்தன.

பிறகு முதலாளி, "ஓர வரிசையில இன்னும் அசுவினி இருக்கே. கழுவிடலாமா?"

"வேணாம் சார். அத விட்டுடணும். இல்லன்னா இதுங்க எதச் சாப்பிடும்?"

"பூச்சிக்கு நான் சோறு போடணுமா?"

"ஆமா சார்."

கழுவுவதற்காகத் திறந்திருந்த ஓர வரிசைக் குழாயை அக்கா மூடினார்.