நீ பிழைத்த காரணம்

ஃபசா, ஈரான்,
மெஹர் மாதம், பன்னிரண்டாம் நாள்.

அன்புள்ள தம்பி ஹூஷங்குக்கு அக்கா எஸ்மத் எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே உன் அத்தான் யஹ்யா உயிரோடு இருக்கிறார், நானும் இருக்கிறேன். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

துருக்கியிலிருந்து நீ போட்ட நான்கு வரிக் கடிதம் கிடைத்தது. தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், "அக்கா, நானும் குடித்தேனே, நான் மட்டும் ஏன் சாகவில்லை?" என்று கேட்டிருந்தாய். இரண்டரை வருடமாக ஊரே அதைத்தான் கேட்கிறது. நீ கேட்டது ஒரு மாதிரி, ஊர் கேட்பது வேறு மாதிரி.

அதற்குப் பதில் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். போன மாதம் அத்தானைச் சிறுநீரகப் பரிசோதனைக்காக ஷிராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அன்று அவரைக் காப்பாற்றிய அதே டாக்டரம்மா இருந்தார்கள். அதே பாட்டிலில் குடித்த இன்னொருவருக்கு ஒன்றுமே ஆகவில்லையே, அது எப்படி என்று கேட்டேன். அதற்கு முன்னால் அவர் வேறு ஏதாவது குடித்திருந்தாரா என்று திருப்பிக் கேட்டார்கள். நான் முழிப்பதைப் பார்த்து உன் அத்தான்தான் பதில் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆரஞ்சுத் தோட்டத்தில், அவர் கூட்டாளி பஹ்மன் தன் வீட்டில் காய்ச்சிய திராட்சைச் சாராயம் அரை பாட்டில் மிச்சம் இருந்ததாம். நீ வாங்கி வந்த பாட்டிலைத் திறப்பதற்கு முன் அதை யாருக்கு ஊற்றுவது என்று பேச்சு வந்ததாம். "விருந்தாளிக்குத்தான் நல்லது. நாம ரெண்டு கிழவனும் வாங்கின சரக்கு குடிப்போம்" என்று பஹ்மன் அதை முழுவதும் உனக்கே ஊற்றினாராம். அதற்குப் பிறகுதான் நீ கொண்டுவந்ததில் இரண்டு கிளாஸ் குடித்தாய்.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்தக் கள்ளச் சரக்கு வயிற்றுக்குள் போகும்போதே அவ்வளவு விஷமில்லையாம். நம் ஈரல்தான் அதை மெதுவாக விஷமாக மாற்றுகிறதாம். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அதே அமிலம். அது ரத்தத்தைக் கெடுத்து, கண்ணின் நரம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நல்ல சாராயமும் உடம்பில் இருந்தால் ஈரல் முதலில் அதைத்தான் கவனிக்குமாம். அது தீரும்வரை மற்றதைத் தொடாது. அதற்குள் கெட்டது மூச்சிலும் சிறுநீரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். நீ குடித்ததும் இரண்டு கிளாஸ்தான். உனக்கு நடந்தது இதுதான் தம்பி. பஹ்மன் தன் கையால் ஊற்றியதுதான் உன்னைக் காப்பாற்றியது.

ஆனால் ஊரில் அதையே உனக்கு எதிரான சாட்சியாக்கினார்கள். கபாப் தட்டோடு வந்த பஹ்மன் மனைவி அக்தர், அவர்கள் இருவரும் ஒரு பாட்டிலிலும் நீ வேறு பாட்டிலிலும் குடிப்பதைப் பார்த்தாளாம். புருஷனைப் புதைத்த அன்று எல்லோர் முன்னாலும், "அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தனியா குடிச்சான்" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். விற்றவனைப் பிடித்ததும், வாங்கியவன் நீதான் என்று போலீஸ் வாசலுக்கு வந்தது. நீ அதற்குள் மலை தாண்டிப் போயிருந்தாய். ஓடியதால் உன் குற்றம் உறுதி என்று பேசினார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீங்கள் குடித்த மறுநாள் காலையில் உன் அத்தான் படுக்கையில் உட்கார்ந்து, "ஜன்னலுக்கு யாரு வெள்ளைத் துணி கட்டுனது?" என்று கேட்டார். ஜன்னலில் துணி எதுவும் இல்லை. "குடிச்ச கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். முப்பது வருடம் அந்தப் பாட்டிலை வீட்டு வாசல் தாண்டவிடாதவள் நான். எனக்கு அன்று பயமே இல்லை, கோபம்தான் இருந்தது.

பத்து மணி இருக்கும். அக்தர் வந்தாள். பஹ்மன் விடாமல் வாந்தி எடுக்கிறார், மூச்சு வேகமாக வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டாள். நான் அவளிடம் சொன்னேன், ஹூஷங். நான்தான் சொன்னேன். "போனா குடிச்சாங்கன்னு போலீசுக்கு எழுதிடுவாங்க. ரெண்டு பேருக்கும் சவுக்கடிதான். யஹ்யாவோட பஸ் லைசென்ஸும் போயிடும். எலுமிச்சைச் சாறும் மோரும் குடு, தூங்கட்டும், சரியாயிடும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு நான் எழுந்தபோது உன் அத்தான் முகம் கழுவப் போய்க் கதவில் மோதி விழுந்தார். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். அப்போதுதான் பயம் வந்தது. இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் பஹ்மனின் மூச்சு நின்றுவிட்டது. அவர் தலை அக்தர் மடியில் இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் நான் தேநீர் ஊற்றும்போதெல்லாம் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு கிளாஸை என் கையில் கொடுத்தார்கள். ஆரஞ்சுச் சாற்றில் சுத்தமான சாராயம். இதற்கு முதல் மருந்தே இதுதான், டயாலிசிஸ் தயாராகும்வரை குடிக்கவையுங்கள் என்றார்கள். ஜூஸ் என்று பொய் சொல்லி அவர் உதட்டில் வைத்தேன். அந்த நிலைமையிலும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார் உன் அத்தான். "எஸ்மத், உன் கையால இதைக் குடிக்க முப்பது வருஷம் ஆச்சு" என்றார். அவர் கேலியாகச் சொன்னதுதான். எனக்கு அது இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

காலையிலேயே கொண்டுவந்திருந்தால் அவர் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம், மற்றவரையும் அநேகமாகப் பிழைக்கவைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

உன் அத்தானுக்கு இருட்டு கிடையாது. எப்போதும் வெள்ளைதான், பனிமூட்டத்தில் பஸ் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சில நேரம் வலது கால் பிரேக்கைத் தேடி அழுத்துகிறது. அன்று ஏன் அவ்வளவு நேரம் விட்டாய் என்று ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஷிராஸிலிருந்து திரும்பிய மறுநாள் அக்தர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். என் தம்பிக்கு எதுவும் தெரியாது, தூங்கவிடு என்று சொல்லி உன் புருஷனைக் கொன்றவள் நான்தான், உன் வாய் அவன் பேரைச் சொல்வது எனக்கு வசதியாக இருந்ததால் சும்மா இருந்தேன் என்றேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. தலை நிமிராமல் சொன்னாள்:

"உன்கிட்ட நான் ஏன் கேட்க வந்தேன் தெரியுமா? நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். எனக்கும் போலீசுன்னா பயம். வேற யாரையாவது கேட்டிருந்தா போகச் சொல்லியிருப்பாங்க."

நான் கிளம்பும்போது, "ஹூஷங்குக்கு எழுது. இனிமே அவன் பேரைச் சொல்லி நான் அழமாட்டேன்" என்றாள். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வழக்கு இன்னும் இருக்கிறது. உன்னை வா என்று கூப்பிட எனக்குத் துணிவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நெஞ்சை மூடிக்கொண்டு படு. வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல், அந்தக் காலை பத்து மணியையும் சேர்த்து. முடித்ததும் காகிதத்தைக் கேட்டு வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மடிச்சு ஒட்டு" என்றார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் மனதில் என்ன எழும் என்றும் தெரியாது. திட்டியாவது எழுது, தம்பி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா என்று இன்னும் எழுதலாமா எனத் தெரியாமல்,
எஸ்மத்.