இடப்பக்கத்து ஈரம்

இன்று காலை மைசூர் பன்னிமண்டபம் பக்கத்து ஷெட்டில், மெக்கானிக் என் வண்டியின் டேஷ்போர்டைப் பாதி கழற்றிவிட்டு, உள்ளே கைவிட்டு ஒரு சின்னப் பொருளை எடுத்துப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தார். அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கிய, கையளவுப் பெட்டி. ஓரத்தில் இரண்டு குழாய்கள். தாள் மெல்ல நனைந்தது. வாசனை மேலே வந்தது. அதே தித்திப்பு வாசனை. இரண்டு வருஷமாக நம் வண்டிக்குள் இருந்ததும், நான் உன் தலையில் கட்டியதுமான அந்த வாசனை.

"இதான் மேடம் ஹீட்டர் கோர்," என்றார். "இன்ஜின்ல சுத்துற கூலன்ட் இதுக்குள்ளயும் வந்து போகும். வண்டி பழசாச்சுன்னா ஊசி முனையளவு ஓட்டை விழும். அவ்வளவுதான், கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கும். தித்திப்பா வாசனை வரும், கண்ணாடியில பிசுக்கு படியும், இடப்பக்கம் காலடியில ஈரமாகும்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப நாளா ஒழுகியிருக்கு. அந்த சீட்ல உக்காந்தவங்க யாரும் சொல்லலையா?"

"அங்க யாரும் உக்கார்றதில்ல," என்றேன்.

பொய் சொன்னேன். எட்டு வருஷம் நீ உட்கார்ந்த இடம் அது. முதலில் சொன்னதும் நீதான். இப்போது நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவரிடம் அதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாம் ரயில்வே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை. இருவரின் அப்பாக்களும் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர்கள். தமிழை வீட்டிலும் கன்னடத்தைத் தெருவிலும் கற்றுக்கொண்டோம். நானாவது இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன். உனக்குத் தமிழ் வாக்கியத்தின் வாலில், நம் 'டி' போன்ற கன்னடத்துக் 'கணே' ஒட்டாமல் பேச்சே முடியாது. சண்டை போட்டாலும் "போ கணே" தான். "வாயைத் திறந்தா கணே, மூடினா கணே" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்.

செக்‌ஷனில் யாருக்கு எப்போது பிரமோஷன் வந்தது, யார் மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது, எல்லாம் ஃபைலைப் பார்க்காமலே சொல்வாய். அதிகாரிகளே ஃபைலைத் தேடும் முன் உன்னைத்தான் தேடினார்கள். "மறதின்னு ஒண்ணு கிடையாது கணே, எல்லாம் சோம்பேறித்தனம்" என்பாய். அதைச் சொல்லும்போது உன் தலை கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வுக்குக் கீழே ஒரு பயம் இருந்தது என்று எனக்குத் தெரியும். உன் அம்மா கடைசி மூன்று வருஷம் உன்னையே பார்த்து "நீ யாரும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்த நான்தான் அந்த இடத்தில் கை வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை மேல்கோட்டை மலைக்கோயில் என்று வைத்துக்கொண்டோம். என் பழைய வண்டி, நான் டிரைவர். டேஷ்போர்டில் விரல் அகலத்துக்கு நரசிம்மர் படம் ஒன்றை நீதான் ஒட்டினாய். ஒட்டிய நாளிலிருந்து வண்டியில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்வாய்.

"அப்ப நானும் பிரேக்கை வெறுங்காலால அழுத்தணுமா?" என்று கேட்டேன்.

"உனக்கு மன்னிப்பு உண்டு கணே. நீ ஓட்டினா போதும்."

ஜனவரி காலைகளில் வெறுங்கால் ஜில்லிடும். அப்போது மட்டும் ஹீட்டரைப் போடச் சொல்வாய். எனக்கு அது வேண்டியிருந்ததே இல்லை. மைசூரில் யார் வண்டியில் ஹீட்டர் போடுகிறார்கள்? உன் கால்களுக்காக மட்டுமே அந்த வண்டியில் அது வேலை செய்தது.

திரும்பும்போது கல்யாணிக் குளத்துத் தீர்த்தம் ஒரு பாட்டில், எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல். பிரசாதம் காலடியில் இருக்கக் கூடாது என்று இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாய். அப்படி ஒரு சனிக்கிழமை, மலையிறங்கிக் கொஞ்ச தூரம் வந்ததும் நீ காலை மேலே தூக்கினாய்.

"கீழ பிசுபிசுன்னு இருக்கு கணே. வண்டியில ஏதோ ஒழுகுது."

வண்டியை ஓரங்கட்டி, குனிந்து கால்மிதியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். விரலை முகர்ந்தேன். தித்திப்பு.

"வண்டியில ஒழுகலை. உன் டப்பாவில ஒழுகுது," என்றேன்.

"மடியிலதான் வெச்சிருக்கேன். ஒழுகினா என் புடவை நனையாதா?"

எவ்வளவு சரியான கேள்வி. நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். "கரும்புச்சாறு குடிக்க இறங்கினப்ப சீட்டுல வெச்சியே, அப்ப சாஞ்சிருக்கும்" என்று பதில் வைத்திருந்தேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவள் என்ற திமிர் எனக்கு. முன் கண்ணாடி உள்பக்கம் புகை படிந்தாற்போல் மங்கியதற்கும் உன்னையே குற்றம் சாட்டினேன். "நீ பேசிப் பேசியே கண்ணாடி மூடிக்குது" என்றேன். நீ சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் துடைத்தாய். துடைத்த இடம் இன்னும் பிசுக்கானது.

இதில் என்னால் தாங்க முடியாதது வேறொன்று. ஞாயிறு தவறாமல் பானட்டைத் திறந்து பார்ப்பேன். கூலன்ட் குறைந்திருக்கும். பழைய வண்டி, தாகம் அதிகம் என்று சொல்லிக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுவேன். கூலன்ட் வாங்கி ஊற்றக்கூடச் சோம்பல். ஊற்றியது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அது உன் காலடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. என் கையாலேயே ஊற்றிவிட்டு, சனிக்கிழமை உன்னைக் குற்றம் சொன்னேன்.

அடுத்த மாதம் டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டினாய். அப்போதும் ஈரம். அதற்கடுத்த மாதமும். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. உன் தோளைத் தட்டினேன்.

"வயசாச்சில்ல, மறந்திருப்பே. மூடியைச் சரியா அழுத்தலை. பரவாயில்ல, விடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நீ இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாய். நான் அன்பாகச் சொன்னேன். அதனால் நம்பிவிட்டாய். பாண்டவபுரம் தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு மெதுவாக, "மூடினேன்னுதான் நினைச்சேன்" என்றாய். கணே இல்லை. எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் உறைக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது கால்மிதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாய். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூன்றாம் நாள் மடித்த துணிபோலக் கொண்டுவந்து கொடுத்தாய். அடுத்த மாதம் தீர்த்தமும் பொங்கலும் வேண்டாமென்றாய். அதற்கடுத்த மாதம், "நான் பஸ்ல போய்க்கறேன், உன் வண்டி வீணாகுது" என்றாய். நான் தடுத்திருக்க வேண்டும். "சரி, உன் இஷ்டம்" என்றேன். உள்ளுக்குள் வண்டி பிழைத்தது என்றுகூட ஒரு நிம்மதி இருந்தது. அதையும் உன்னிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வருஷம் என் பிறந்த நாளுக்குப் போன் செய்தாய். எடுத்ததும், "இன்னிக்குத்தானே?" என்று கேட்டாய். ஊரார் பிறந்த நாளெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தவள், அன்றுவரை என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நான் சிரித்துவிட்டு, "ஆமா, இன்னிக்குத்தான்" என்றேன்.

ஆடி மாதத்து மழையில் ஒரு காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வருஷமா ஞாபகம் போகுதுன்னு பயந்துட்டே இருந்தாங்க ஆன்ட்டி. அடுப்பை அணைச்சேன், கதவைப் பூட்டினேன்னு சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருந்தாங்க. டாக்டர் எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னார். அம்மா நம்பலை."

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா, எனக்கும் கொஞ்ச நாளாவே தெரியும். வண்டியில எல்லாம் சிந்திட்டிருந்தா" என்றேன். உன்னைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னேன்.

நீ போன பிறகும் வண்டிக்குள் அந்த வாசனை போகவில்லை. உன் பொங்கல் தரைவிரிப்புக்குள் ஊறிவிட்டது என்று நினைத்தேன். முதல் தடவையாக அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போய்விடுமோ என்று பயந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டே ஓட்டினேன். சிக்னலில் நிற்கும்போது ஆழமாக மூச்சிழுப்பேன். நீ பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். இந்த வாரம் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்போது சூட்டைக் காட்டும் முள் உச்சிக்கு ஏறி, டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஆவி வந்ததால்தான் வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டியதைச் சொன்னதும் மெக்கானிக் தலையில் கை வைத்தார். "இந்த வாசனை நல்லதில்ல மேடம். ஜன்னலைத் திறந்து வெக்கணும்."

புது கோர் கிடைக்க நாளாகும் என்றார். "மைசூருக்கு ஹீட்டர் எதுக்கு? ரெண்டு ஹோஸையும் ஒண்ணா சேத்து விட்டுடறேன். இனி உள்ள வராது."

யாருடைய கால் குளிரப் போகிறது? சேர்த்துவிடச் சொன்னேன். பழையதை மட்டும் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னேன். குப்பையை எதற்கு என்பதுபோல் பார்த்தார், ஆனால் கட்டிக் கொடுத்தார்.

ஷெட்டிலிருந்து ஆட்டோவில் நேராக உன் மகள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் பொட்டலத்தைப் பிரித்து, குழாய் ஓரத்துப் பச்சைக் கறையைக் காட்டினேன். "உங்க அம்மா சிந்தலை. அவளுக்கு எதுவும் மறக்கலை. எல்லாம் இதுதான். தப்பு என்னோடது," என்றேன். அவள் அந்தக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"அம்மாவும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க ஆன்ட்டி. வண்டியிலதான் ஏதோ ஒழுகுதுன்னு. அப்புறம் அவங்களே, 'அவளுக்கு வண்டி தெரியும், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு விட்டுட்டாங்க."

உன் ஞாபகத்தைவிட என் பேச்சைப் பெரிதாக நம்பியிருக்கிறாய்.

மாலையில் வண்டியை எடுத்து வந்தேன். இடப்பக்கத்துத் தரைவிரிப்பைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள், வெறும் தகரம்தான் தெரிகிறது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, முதல் தடவையாக உன் சீட்டில் உட்கார்ந்தேன். கீழே காய்ந்திருந்தது. வாசனை இல்லை. நீ என்று நினைத்து இத்தனை நாள் மூச்சிழுத்ததும் போய்விட்டது. மிச்சமிருப்பது, உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இப்போது இந்தக் காகிதம்தான் இருக்கிறது.

நீ மூடினாய் கணே. ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் மூடினாய்.